மரை

முலுண்ட் கல்யாண வரவேற்பில், மூன்றாம் பாட்டின் நடுவே,
மாப்பிள்ளையின் சித்தப்பா பத்து ரூபாய் நோட்டுகளை
மின்விசிறிக்கு அடியில் பறக்கவிட்ட நேரம்,
என் இடது தோளில் பாரம் திடீரென்று இல்லை.
தொடையால் தடுத்தேன்.
கிட்டார் ஒரு சத்தம் போட்டது.
அதுவும் பாட்டில் சேர்த்தி என்று கைதட்டினார்கள்.

மிச்சம் ஒன்பது பாட்டையும்
சாட்டின் உறை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தேன்.
மணப்பெண் மட்டும் கேட்டாள்,
உடம்பு சரியில்லையா என்று.
கழன்று உருண்ட பட்டனை, திருகோடு,
ரோஜா இதழ்களை ஒதுக்கித் தேடி எடுத்தவன்
டிரம்ஸ் வாசிக்கும் கெல்வின் குட்டினோ.

ராத்திரி அக்காவுக்கு போன் செய்தேன்.
"உனக்கு மரை கழன்றது தெரியும்,
உன் கிட்டாருக்குமா?"

இல்லை அக்கா.
மரை அப்படியேதான் இருக்கிறது, தொட்டால் விரல் கீறும்.
மரம்தான் விட்டுவிட்டது.

செம்பூர் திலக் நகர், நாலாம் மாடி, ஜூன் கடைசி.
படுக்கையில் துண்டு விரித்துக் கிடத்தி
போன் வெளிச்சத்தில் பார்த்தால்
ஒரு மிளகு போகும் துளை.
மூன்றரைக் கிலோவை
ஐந்து வருஷம் அதில் தொங்கவிட்டிருக்கிறேன்.
நிமிரும்போதெல்லாம்,
காசு கொடுப்பவரைப் பார்த்து இளிக்கக் குனியும்போதெல்லாம்
ஒரு மயிரிழை, இன்னொரு மயிரிழை.

ஹார்டுவேர் கடை மேவ்ஜிபாய் யோசிக்கவே இல்லை:
பெரிய ஸ்க்ரூ போடு மகளே, முடிந்தது கதை.
பெரியது பட்டனுக்குள் நுழையாது,
நுழைந்தாலும் மரத்தைப் பிளக்கும்.
சொல்லவில்லை. கடை வாசலில்
தார்ப்பாய்க்கு ஏழு பேர் நின்றார்கள்.
பத்து ரூபாய் ஃபெவிகால் மட்டும் வாங்கிக்கொண்டு ஏறினேன்.

துளையை ஊக்கால் சுரண்டினேன்.
முதலில் தூள் வந்தது.
அப்புறம், நாலாக மடிந்து நசுங்கிய ஒரு தாள்.
லோக்கல் ரயில் டிக்கெட்.
தேவநாகரியில் 'ர்ல' மட்டும் மிச்சம்,
அதன் காலோ கொம்போ கிழிந்துவிட்டது.
குர்லாவா, பார்லேயா.

மலாடில் ஒரு மாடிப்படியில் வைத்து இதை எனக்கு விற்ற
சுதீப் ஷிர்கே
தன் குழந்தையின் தலையில் கை வைத்துச் சொன்னான்:
ஒரே கை வாசித்தது, ஒரு ஆணியைக்கூடத் தொட்டதில்லை.
மஸ்கட் விமானத்துக்கு அவனுக்கு இரண்டு நாள் இருந்தது.

திட்டத்தான் வாயைத் திறந்தேன்.
எந்த மேடைக்குப் பின்னால்,
எத்தனை நிமிஷம் மிச்சம் இருந்ததோ,
சட்டைப் பையில் வேறொன்றும் அகப்படாமல்.
ஐந்து வருஷம் நான் நின்று வாசித்தது
அவன் வீடு திரும்பியிருக்க வேண்டிய
டிக்கெட்டின் மேல்.

பல்லவி ஈரவாடைக்குக் கொளுத்தும் ஊதுபத்தியில்
எரிந்து மிஞ்சிய அடிக்குச்சிகள் நாலு,
ரோஸ் சாயம் போட்டவை.
பசையில் முக்கி, நெருக்கிச் செருகி,
வெளியே நீண்டதை நகவெட்டியால் நறுக்கினேன்.
ஒரு நாளில் காயும் என்கிறது டப்பா.
டப்பாவுக்கு இந்த ஊர் மழை தெரியாது.
இரண்டு ராத்திரி விட்டுவைத்தேன்.
அதற்குள்
நான் வலது பக்கமாகச் சாய்ந்து நடக்கிறேன் என்றாள் பல்லவி.

மூன்றாம் நாள் காலை, ஊக்கால் நடுவில் குத்தி
வழி காட்டிவிட்டு, ஸ்க்ரூடிரைவர்.
முதல் சுற்று வழுக்கியது.
இரண்டாவது, ம்ஹூம்.
மூன்றாவதில் ஒரு கிர்,
காதுக்கு முன்னால் பல்லுக்குத் தெரிந்தது.
இன்னும் கால் சுற்று என்று கை கேட்டது.
கொடுக்கவில்லை.

தோள்வாரை மாட்டி எழுந்தேன்.
ஒரு கையை விட்டேன்.
கொஞ்சம் பொறுத்து மற்றதை.

பாணீ ஆலா என்று கீழே யாரோ கத்தினார்கள்.
முக்கால் மணி நேரம்தான் வரும் தண்ணீர்.
கழற்றிவைக்க நேரமில்லை, அப்படியே ஓடினேன்.
குழாயிலிருந்து திரும்பும்போது
இரண்டு கையிலும் வாளி.
கிட்டார் அது பாட்டுக்கு
வயிற்றில் தொங்கியது.